ஊறு அறிந்த வரலாறு

உயிர்களை அறிவின் அடைவில் வகுத்த தொல்காப்பியர், மெய்யுணர்வையே முதலில் வைத்தார். புல்லும் மரமும் ஓரறிவுயிர். அவ்வோரறிவு உற்றறிவது என்பது மரபியல் கூறும் கொள்கை. அவ்வுணர்வுக்குரிய புலனைப் பண்டையோர் ஊறு என்றனர். தீங்கிற்கும் அச்சொல்லே பெயராயமைந்தது கருதத்தக்கது. ஆயினும் தோல் ஒரே பொறியா, பல பொறிகளின் தொகுதியா என்னும் வினாவுக்கு விடை காண நுணுக்குக்காட்டியின் துணை வேண்டியிருந்தது.

இத்தாலியில் மருத்துவ மாணாக்கராயிருந்த பசீனி, 1831 இல் கையொன்றை அறுத்தாய்ந்தபோது நரம்பு நுனிகளிற் சிறு மணி போன்ற துணிக்கைகளைக் கண்டார். விரல்நுனியில் வேறொரு வகையை மைசனரும் வாக்னரும் 1852 இலும், மற்றொன்றை மேர்க்கல் 1875 இலும் விளக்கினர். பின்னர் றுபீனி நான்காவதைச் சேர்த்தார். அவற்றின் தொழில்கள் நெடுங்காலத்தின் பின்னரே தெளிவாயின. வன்னிக் கமக்காரன் நெல்மணியை விரலிடை உருட்டுகையில் அதன் விளிம்பையும் சொரசொரப்பையும் மேர்க்கலின் வாங்கி உணர்த்துகின்றது. மணி நழுவுவதை மைசனரின் துணிக்கை உணர்த்துகின்றது. மண்வெட்டி கல்லில் மோத, பிடிவழி வரும் அதிர்வு பசீனியின் துணிக்கைக்குரியது. தோல் இழுபடுவதை அறிவது றுபீனியின் முனை. அழுத்தம் மின்குறிப்பாக மாறும் வாயிலோ மிகப் பிந்தியே புலப்பட்டது. பீசோ என்னும் புரதங்களை 2010 இல் இனங்கண்ட பட்டபூட்டியன், 2021 இல் டேவிட் ஜூலியசுடன் நோபல் பரிசைப் பகிர்ந்தார்.

எனினும் நோயாளருக்கு மிகுந்த பயன் தந்தது ஒரு மயிரே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மானியரான வொன் பிரே, வெவ்வேறு தடிப்புள்ள மயிர்களைக் கோலிற் பொருத்தி, அவை வளையுமளவும் தோலில் ஊன்றி, எவ்விசையை எப்புள்ளி உணர்கின்றதென அளந்தார். பின்னர் மயிரினிடத்தை நைலோன் இழை பெற்றது.

இவ்வளவையின் அருமையைத் தொழுநோய் உணர்த்திற்று. 1914 இல் கொல்லிமலையிற் பிறந்த அறுவை மருத்துவர் போல் பிரண்ட், 1946 இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். தொழுநோயாளர் விரல்கள் நோயினால் தாமே அழுகி உதிர்கின்றன என்று மருத்துவரும் நம்பிய காலமது. அவரும் உடனுழைத்தோரும் நோயாளரின் அன்றாட வினைகளை அருகிருந்து நோக்கினர். நோய்க்கிருமி நரம்பைக் கெடுக்கின்றது. உணர்விழந்த கை கொதிக்கும் பாத்திரத்தைப் பற்றுகின்றது. முள் தைத்த கால் நிற்காது நடக்கின்றது. கவனியாத புண்ணே விரலைக் குறைத்தது. ஊழென்று பழித்து ஊரினின்று ஒதுக்கிய கூட்டம், ஏற்ற காலணி ஒன்று கொடுத்திருப்பின் எத்தனையோ பாதங்கள் பிழைத்திருக்கும்!

இன்று 10 கிராம் விசையில் வளையும் இழையொன்று நீரிழிவாளரின் பாதத்தையும் சோதிக்கின்றது. வெறுங்காலுடன் வயலிறங்கிப் பழகியவர் கண்களை மூடிக்கொள்கின்றார், இழை உள்ளங்காலைத் தொடுகின்றது, உணர்ந்தவிடத்து உண்டென்கின்றார். அவர் வாளாவிருக்கும் இடத்தை மருத்துவர் குறித்துக்கொள்கின்றார்.