என்பும் தாய்வழி மரபும்

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குச் செல்லும் வீதியில், கொக்குத்தொடுவாய் என்னும் ஊரிலே, 2023 யூன் இறுதியில் குடிநீர்க் குழாய் பதிக்க மண்ணை வெட்டியோர் மனித என்புகளைக் கண்டனர். நீதிமன்றின் கண்காணிப்பில் நடந்த அகழ்வு 2024 யூலையில் நிறைவுற்றபோது 52 பேரின் எச்சங்கள் வெளிப்பட்டிருந்தன. இவர்கள் யாவர்? உடைகளும் உடைமைகளும் இதற்கு ஓரளவே விடை தரும். உறுதியான விடை என்பினுள்ளே இருக்கின்றது. அதனை வாசிக்க மனிதன் கற்ற வரலாறு அரை நூற்றாண்டளவினதே.

டி.என்.ஏ. என்பது நான்கு எழுத்துக்களால் ஆகிய இரட்டை இழை. ஓரிழையின் எழுத்து மற்றையதன் குறித்த எழுத்தோடு மட்டுமே இணையும். இவ்விணைவையே 1975இல் எடின்பரோவில் எட்வின் சதர்ன் கருவியாக்கினார். இழையை நொதிகளால் நறுக்கி, துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்து, மென்றாளுக்கு மாற்றி, தேடும் பகுதிக்கு இணையான கதிரியக்கத் துண்டை அதன்மேற் படியவிட்டார். அது தன் இணையைப் பற்றிய இடம் ஒளிப்படச் சுருளிற் கருங்கோடாய்த் தோன்றிற்று. ஆயினும் இம்முறைக்கு மாதிரி மிகுதியாக வேண்டும். மண்ணிற் கிடந்த என்போ துளியளவே தரும். 1983இல் கலிபோர்னியாவில் கரி முலிஸ் கண்ட முறை இத்தடையை நீக்கிற்று. வேண்டிய பகுதி சுற்றுக்குச் சுற்று இரட்டிக்க, முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடிக்கு மேலாகும்.

உயிரணுவின் மைற்றோகொண்டிரியாவிலும் டி.என்.ஏ. உண்டு. பல படிகளாய் இருத்தலின் அது பழைய என்பிலும் எஞ்சும். தாயிடமிருந்தே பிள்ளைக்கு வரும். ஆர்ஜென்டீனாவில் 1976 முதல் 1983 வரை நிலவிய இராணுவ ஆட்சியிற் பறிகொடுத்த பேரக்குழந்தைகளைத் தேடிய பாட்டிமாருக்கு, மேரி கிளேயர் கிங் என்னும் அறிஞர் இவ்வழியாலும் துணைநின்றார். தாய்வழியினர் பலர்க்கும் அது ஒன்றாயிருத்தலின், உட்கருவின் டி.என்.ஏ.யையும் ஒப்பிட்டே முடிவு கூறுதல் முறை. நம் நாட்டிலும், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கல்முனையில் ‘81ஆம் இலக்கக் குழந்தை’ எனப் பெயர்பெற்ற மகவின் பெற்றோர் யாரென்பதை 2005 பெப்ரவரியில் டி.என்.ஏ. சோதனையே உறுதிப்படுத்திற்று.

ஆனால் என்பு தனித்துப் பேசாது. ஒப்பிடுதற்கு உறவினரின் குருதியோ உமிழ்நீரோ வேண்டும். காணாமற்போன தம் மக்களைத் தேடி 2017 பெப்ரவரியில் வன்னித் தாய்மார் தொடர் போராட்டம் தொடங்கினர். அவர்களுட் பலர் விடை காணாமலே மறைந்தனர். ஒவ்வொரு தாயின் மறைவோடும் ஒப்பீட்டுக்குரிய சிறந்த சான்றொன்று குறைகின்றது. ஆதலால், உள்ளோரின் மாதிரிகளை அவர்தம் இசைவுடன் பெற்று முறையாகப் பேணுதல், மண்ணை அகழ்வதற்கு ஒப்பான கடமையாகும்.