சிஸ்டர் ரொசெட்டா தார்ப்

சிஸ்டர் ரொசெட்டா தார்ப் (1915–1973) அமெரிக்க காஸ்பல் பாடகி, கிதார் கலைஞர். ஆலயத்துக்குரிய பக்திப் பாடலை இரவு விடுதிக்கும் இசைத்தட்டுச் சந்தைக்கும் கொண்டுசென்றவர்களில் முதன்மையானவர். 'ராக் அண்ட் ரோலின் ஞானத்தாய்' என்று இன்று போற்றப்படுகிறார். முதல் ராக் பாடல் எது, அதைத் தந்தவர் யார் என்ற வாதத்தில்தான் இந்தப் பட்டம் பெரும்பாலும் எடுத்து வைக்கப்படுகிறது. அந்த வாதம் தீரக்கூடியதும் அல்ல, தார்ப்பின் பெருமை அதைச் சார்ந்ததும் அல்ல. பெந்தெகொஸ்தே ஆராதனையில் உருவான தாளம், சாட்சி சொல்லும் பாணி, குரலுக்குக் கருவி மறுமொழி கூறும் முறை ஆகியவற்றைத் தனியொரு கலைஞர் கிதாரோடு நின்று நடத்தும் மேடை வடிவமாக அவர் மாற்றினார். பிற்கால வெகுசன இசை அவரிடமிருந்து பெற்றது இந்த வடிவத்தைத்தான்.

தார்ப் 1915 மார்ச் 20 அன்று ஆர்கன்சா மாநிலத்தின் காட்டன் பிளாண்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். தாய் கேட்டி பெல் நூபின் பாடகி, மாண்டலின் வாசிப்பவர், 'சர்ச் ஆஃப் காட் இன் கிரைஸ்ட்' சபையின் ஊழியக்காரி. சார்லஸ் ஹாரிசன் மேசன் நிறுவிய இச்சபை, லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் அசூசா தெரு எழுப்புதலில் அவர் 1907இல் பங்கேற்றுத் திரும்பிய பிறகு பெந்தெகொஸ்தே வழியில் சென்றது. வசதியான கறுப்பினச் சபைகள் பல அடக்கமான பாடல் முறையை விரும்பிய காலத்தில், இச்சபை கைத்தட்டலையும் ஆட்டத்தையும் தம்பூரினையும் கிதாரையும் ஆராதனைக்குள் அனுமதித்தது. பெண்களைப் போதகர்களாக அபிஷேகம் செய்யாவிட்டாலும், ஊர் ஊராகச் சென்று நற்செய்தி சொல்லவும் பாடவும் இடம் கொடுத்தது. பார்வையற்ற பியானோ கலைஞர் அரிசோனா டிரேன்ஸ் இதே சபையின் துள்ளல் நடையை 1926இலேயே இசைத்தட்டில் பதிவு செய்திருந்தார். தாயுடன் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்து, எழுப்புதல் கூட்டங்களில் சிறுமியாகவே கிதாருடன் பாடிய ரொசெட்டாவுக்குப் பெருங்கூட்டத்தைக் கிளர்த்தி எழுப்பும் கலை சபையில் கிடைத்த பயிற்சி. பின்னாளில் ராக் மேடையின் புதுமையாகக் கொண்டாடப்பட்ட பலவும் அந்தக் கூட்டங்களில் வழக்கமாக இருந்தவை.

1938 அவர் வாழ்வின் திருப்புமுனை. போதகர் ஒருவருடன் செய்துகொண்ட முதல் திருமணத்தின் வழியாக வந்த தார்ப் என்ற பெயருடன் அவர் நியூயார்க் சென்றார். வெள்ளையர் வந்து அமரும் காட்டன் கிளப்பில் கேப் காலவே இசைக்குழுவுடன் தோன்றினார். அக்டோபரில் டெக்கா நிறுவனத்துக்காக 'ராக் மீ' உள்ளிட்ட பாடல்களைப் பதிவு செய்தார். டிசம்பர் 23 அன்று இசைத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் கார்னகி அரங்கில் நடத்திய 'ஃப்ரம் ஸ்பிரிச்சுவல்ஸ் டு ஸ்விங்' நிகழ்ச்சியில் பாடினார். 'ராக் மீ' தாமஸ் டார்சி இயற்றிய பக்திப் பாடலின் மாற்று வடிவம். ரே சார்ல்ஸ் 1954இல் காஸ்பல் மெட்டை எடுத்துக்கொண்டு சொற்களைக் காதலுக்கு மாற்றியபோது அது பெரும் துணிச்சலாகப் பேசப்பட்டது. பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே தார்ப் செய்தது வேறுவிதமான துணிச்சல். அவர் பாடலின் பொருளைப் பெரும்பாலும் விட்டுவைத்து இடத்தை மாற்றினார். மது பரிமாறும் அரங்கில் ஆண்டவரைப் பாடினால் அது பக்தியா பொழுதுபோக்கா என்று தீர்மானிக்கும் பொறுப்பு கேட்பவரிடம் போய்ச் சேர்ந்தது.

1941 முதல் லக்கி மில்லிண்டர் இசைக்குழுவுடன் பாடிய காலத்தில் அவர் முற்றிலும் உலகியலான பாடல்களையும் பாடினார். சபையார் இதை ஏற்கவில்லை. ஆனால் பெரிய ஊதுகருவிக் குழுவின் ஓசைக்கு மேல் ஒலிக்கக் கற்றுக்கொண்ட குரலும் கிதாரும் அங்கேதான் உறுதிப்பட்டன. இதன் பலன் 1944இல் பதிவாகி மறு ஆண்டு புகழ்பெற்ற 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே' பாடலில் தெரிகிறது. பெரிய குழு இல்லை. சாமி பிரைஸின் பூகி-வூகி பியானோ, பாஸ், டிரம், தார்ப்பின் கிதார், குரல் ஆகியவை மட்டுமே. கறுப்பினச் சந்தைக்கென பில்போர்டு இதழ் வெளியிட்ட பட்டியலில் இது இரண்டாம் இடம் வரை ஏறியது. ஒரு காஸ்பல் பாடல் அங்கே அவ்வளவு உயரத்துக்குச் சென்றது அதுவரை நடந்திராதது. சன் நிறுவனம் வெளியிட்ட எல்விஸ் பிரெஸ்லியின் முதல் இசைத்தட்டு 1954இலும், சக் பெரியின் 'மேபெலின்' 1955இலும்தான் வந்தன. சிறிய குழு, உந்தித் தள்ளும் தாளம், பாதிப் பேச்சாகப் போகும் பாட்டு, இடையில் கிதாரின் தனி வாசிப்பு என்ற அமைப்பு பத்தாண்டுகளுக்கு முன்பே தார்ப்பிடம் முழுமை பெற்றிருந்தது.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. லூயி ஜோர்டன் அதே ஆண்டுகளில் சிறிய குழுவுடன் துள்ளலிசை தந்தார். டி-போன் வாக்கர் மின்கிதாரை மேடையின் நடுவுக்குக் கொண்டுவந்தார். வைனோனி ஹாரிஸின் 'குட் ராக்கின் டுநைட்', ஜாக்கி பிரென்ஸ்டனின் 'ராக்கெட் 88' ஆகியவற்றுக்கும் முதல் ராக் பாடல் என்ற உரிமை கோரப்படுகிறது. இவையெல்லாம் உண்மை. ராக் இசை ஒருவர் கண்டுபிடித்த பொருள் அல்ல. ப்ளூஸ், பூகி-வூகி, ஸ்விங், நாட்டுப்புற வெள்ளையர் இசை எல்லாம் அதில் கலந்துள்ளன. ஆனால் இந்த மறுப்பு தார்ப்பின் முன்னுரிமையைக் கேள்விக்கு உட்படுத்துகிறதே தவிர, பங்களிப்பின் தன்மையைத் தொடவில்லை. ஜோர்டனின் கலையில் நகைச்சுவை முதன்மை. வாக்கரின் கிதாரில் ப்ளூஸின் நிதானம். கேட்பவரைப் பரவசத்துக்கு இட்டுச்செல்வதையே நோக்கமாகக் கொண்ட சபை ஆராதனையின் வேகத்தை மின்கிதாருடன் இணைத்தவர் தார்ப். ராக்கை அதன் மூத்த இசை வகைகளிலிருந்து பிரித்துக் காட்டுவதே இந்தப் பரவசம்தான்.

இரண்டாவது மறுப்பு, தாக்கம் என்பது பின்னாளில் கூறப்படும் நினைவுகளில் மட்டுமே நிற்கிறது என்பது. நினைவுகளைத் தனியாக வைத்தால் இது நியாயம். ஆனால் சில சாட்சியங்கள் குறிப்பான நிகழ்ச்சிகளோடு பிணைந்துள்ளன. 1947இல் ஜார்ஜியாவின் மேக்கன் நகர அரங்கில், பதினான்கு வயதுச் சிறுவனான லிட்டில் ரிச்சர்டைத் தார்ப் தம் நிகழ்ச்சியில் பாடவைத்துப் பணமும் கொடுத்தார். கலைஞராகும் எண்ணம் தமக்கு அங்கே பிறந்ததாக ரிச்சர்ட் பின்னர் கூறினார். ஜானி கேஷ் 1992இல் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது தம் ஏற்புரையில் தார்ப்பின் பெயரைச் சொன்னார். எல்விஸுக்குத் துணைக்குரல் தந்த ஜோர்டனேர்ஸ் குழுவின் கார்டன் ஸ்டோக்கர், எல்விஸ் அவருடைய கிதார் வாசிப்பை விரும்பியதைப் பதிவு செய்துள்ளார். கறுப்பினத்தவர், வெள்ளையர், பெந்தெகொஸ்தே சூழலில் வளர்ந்தவர், வளராதவர் என வெவ்வேறு பின்னணி கொண்டவர்கள் ஒரே பெயரைச் சொல்வது தற்செயல் ஆகாது.

சபை தரப்பிலிருந்து வரும் மறுப்பு வேறு: அவர் பரிசுத்தமானதை விற்றுவிட்டார் என்பது. இரவு விடுதிகளில் பாட மறுத்த மஹாலியா ஜாக்சனோடு ஒப்பிட்டு இந்தக் குற்றச்சாட்டு கூறப்பட்டது. எனினும் தார்ப் காஸ்பலைக் கைவிட்டதில்லை. 1940களின் பிற்பகுதியில் மேரி நைட்டுடன் சேர்ந்து 'அப் அபவ் மை ஹெட்' போன்ற இணைப் பாடல்களைப் பதிவு செய்து ஆலயங்களிலும் அரங்குகளிலும் சுற்றுப்பயணம் செய்தார். 1951 ஜூலை 3 அன்று வாஷிங்டனின் கிரிஃபித் விளையாட்டரங்கில் ரசல் மாரிசனுடன் அவருக்குத் திருமணம் நடந்தது. நுழைவுச் சீட்டு வாங்கி வந்தவர்கள் ஏறத்தாழ 25,000 பேர். திருமணச் சடங்கையடுத்து மணக்கோலத்திலேயே கச்சேரி செய்தார். டெக்கா அதைப் பதிவு செய்து வெளியிட்டது. இதை வணிகத் தந்திரம் என்று சொல்வதில் தவறில்லை. அதே வேளை, விளையாட்டரங்கை நிரப்பும் இசை நிகழ்ச்சி என்ற பிற்கால வழக்கத்துக்கு, ஒரு கறுப்பினப் பெண் தன் பெயரின் ஈர்ப்பால் தந்த முன்னோட்டம் அது.

அமெரிக்காவில் அவர் புகழ் மங்கிய காலத்தில் ஐரோப்பா அவரை வரவேற்றது. 1957இல் கிறிஸ் பார்பரின் ஜாஸ் குழுவுடன் பிரிட்டனில் பாடினார். 1964 மே மாதம் மான்செஸ்டரில், பயன்பாட்டில் இல்லாத வில்பிரஹாம் சாலை ரயில் நிலையத்தில் கிரனாடா தொலைக்காட்சி மடி வாட்டர்ஸ் உள்ளிட்டோரின் நிகழ்ச்சியைப் படமாக்கியது. மழையில் நனைந்த நடைமேடையில் 'டிட்ன்ட் இட் ரெயின்' பாடி, வெள்ளை நிற கிப்சன் கிதாரில் ஒற்றைச் சுரங்களாக அவர் வாசிக்கும் பகுதி இன்றும் காணக் கிடைக்கிறது. அவர் விரல்களில் எவ்வளவு ஆளுமை இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான ஆவணம் வேறில்லை.

பக்கவாதத்துக்கும் நீரிழிவால் ஒரு காலை இழந்ததற்கும் பிறகும் பாடிய தார்ப், 1973 அக்டோபர் 9 அன்று ஃபிலடெல்ஃபியாவில் காலமானார். பல்லாண்டுகள் அவர் கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை. காஸ்பல் வரலாற்றாளர்களுக்கு அவர் உலகியல் மிகுந்தவர். ராக் வரலாற்றாளர்களுக்குப் பக்திப் பாடகி. வகை பிரித்து எழுதப்பட்ட இரண்டு வரலாறுகளும் அவரை அடுத்த வரலாற்றின் பொறுப்பில் விட்டுவிட்டன. கிதார் ஆணின் கருவி என்ற எண்ணமும் இதற்குத் துணைபோனது. 2007இல் வெளியான கேல் வால்டின் வாழ்க்கை வரலாற்று நூல் இந்த நிலையை மாற்றத் தொடங்கியது. 2018இல் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபம் அவரை 'ஆரம்பகாலத் தாக்கம்' என்ற பிரிவில் சேர்த்தது. அங்கீகாரம் தாமதமாக வந்தது என்பதைவிட, அது எந்தப் பிரிவில் வந்தது என்பதே விவாதத்துக்குரியது. ஓர் இசை பிறப்பதற்கு முன் அதைத் தூண்டியவர்களுக்கானது அந்தப் பிரிவு. ரிச்சர்டும் எல்விஸும் மேடையேறியபோதும் அதற்குப் பின்னும் தார்ப் மின்கிதாருடன் பாடிக்கொண்டிருந்தார்; அவர்கள் செய்ததையே அவரும் செய்தார். அவரை முன்னோடி என்று மட்டும் சொல்லி நிறுத்துவது பாதி மதிப்பீடு. ராக் இசையை உருவாக்கியவர்களின் வரிசையிலேயே அவருக்கு இடம் தருவதுதான் சான்றுகளுக்குப் பொருந்தும்.