தைராய்டு பரிசோதனை முடிவு 'நார்மல்': மாத்திரையை நிறுத்தலாமா? அளவு எப்படித் தீர்மானிக்கப்படுகிறது?

புதுடெல்லி: தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை உட்கொள்வோரில் சிலர், ரத்தப் பரிசோதனை முடிவு 'நார்மல்' என வந்ததும் நோய் குணமாகிவிட்டதாகக் கருதி மருந்தை நிறுத்திவிடுகின்றனர். வேறு சிலர், அறிக்கையில் ஓர் எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருப்பதைக் கண்டதும் தாமாகவே அளவைக் கூட்டிக்கொள்கின்றனர். இரண்டுமே உடலுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியவை.

சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா உள்ளிட்ட 8 நகரங்களில் நடத்தப்பட்டு 2013-ம் ஆண்டு வெளியான ஆய்வில், பெரியவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு இருப்பது தெரியவந்தது. ஆண்களைவிடப் பெண்களே இதனால் அதிகம் பாதிக்கப்படுகின்றனர். எனவே, பரிசோதனை அறிக்கையைப் புரிந்துகொள்வது பல குடும்பங்களுக்கும் தேவையான ஒன்றாகும்.

டி.எஸ்.எச் உயர்ந்தால் குறைபாடு ஏன்?

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது டி.எஸ்.எச். பெரும்பாலானோர் நினைப்பதுபோல் இது தைராய்டு சுரப்பியில் உருவாவதில்லை. மூளையின் அடிப்பகுதியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இதைச் சுரக்கிறது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறையும்போது, 'இன்னும் அதிகம் சுரக்க வேண்டும்' என்று தைராய்டுக்கு ஆணையிடும் வகையில் டி.எஸ்.எச் உயர்கிறது. ஹார்மோன் மிகுதியானால் அது இறங்குகிறது. இதனால்தான் டி.எஸ்.எச் அதிகம் என்றால் தைராய்டு குறைபாடு என்று பொருள்.

டி4 அளவில் ஏற்படும் சிறிய மாற்றம்கூட டி.எஸ்.எச் அளவில் பெரிய மாற்றமாக வெளிப்படும். ஆகவே டி.எஸ்.எச் 5-லிருந்து 10 ஆக உயர்ந்தால் நோய் இரு மடங்காகிவிட்டது என்று கொள்ளக் கூடாது.

எண்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும்

பெரியவர்களுக்கு டி.எஸ்.எச் பொதுவாக 0.4 முதல் 4.0 அல்லது 4.5 வரை இருக்கலாம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் இந்த எல்லை சற்று மாறுபடும். டி.எஸ்.எச் அளவுடன் 'ஃப்ரீ டி4' அளவையும் சேர்த்துப் பார்க்கும்போதே முழுமையான நிலை புலப்படும்.

* டி.எஸ்.எச் அதிகம், ஃப்ரீ டி4 குறைவு: வெளிப்படையான தைராய்டு குறைபாடு. சிகிச்சை அவசியம்.

* டி.எஸ்.எச் அதிகம், ஃப்ரீ டி4 இயல்பு: தொடக்கநிலைக் குறைபாடு. டி.எஸ்.எச் 10-க்கு மேல் இருந்தால் பொதுவாக மருந்து பரிந்துரைக்கப்படுகிறது. 10-க்குக் கீழ் இருந்தால் வயது, அறிகுறிகள், கர்ப்பத் திட்டம் ஆகியவற்றைப் பொறுத்து மருத்துவர் முடிவெடுப்பார். சில வாரங்கள் கழித்து மீண்டும் பரிசோதிக்கும்போது அளவு தானாகவே இயல்புக்குத் திரும்பியிருப்பதும் உண்டு.

* டி.எஸ்.எச் குறைவு, ஃப்ரீ டி4 அதிகம்: ஹார்மோன் மிகுதி. ஏற்கெனவே மாத்திரை உட்கொள்பவரானால் அளவு கூடிவிட்டதாகக் கருதலாம்.

* டி.எஸ்.எச் குறைவு அல்லது இயல்பு, ஃப்ரீ டி4 குறைவு: பிட்யூட்டரியில் கோளாறு இருக்கக்கூடும். இத்தகையோருக்கு டி.எஸ்.எச் அளவை நம்பி மருந்தைத் தீர்மானிக்க இயலாது.

70 வயதைக் கடந்தோருக்கு டி.எஸ்.எச் சற்று உயர்ந்திருப்பது பெரும்பாலும் வயதின் இயல்பே. 'டி.பி.ஓ. ஆன்டிபாடி' அளவு அதிகமாக இருந்தால், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தைராய்டைத் தாக்குவதை அது உணர்த்துகிறது. ஹாஷிமோட்டோ எனப்படும் இந்நிலையே தைராய்டு குறைபாட்டுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று.

மாத்திரை அளவு எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது?

குறைபாட்டுக்கு வழங்கப்படும் லெவோதைராக்சின் மாத்திரை, உடலில் சுரக்க வேண்டிய டி4 ஹார்மோனின் மாற்றே ஆகும். சுரப்பி முற்றிலும் செயலிழந்த ஒருவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 100 மைக்ரோகிராம். சுரப்பி ஓரளவு இயங்குவோருக்கு 25 அல்லது 50 மைக்ரோகிராம் போதுமானதாக இருக்கலாம்.

முதியோருக்கும் இதய நோயாளிகளுக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி, படிப்படியாக உயர்த்துவதே வழக்கம். தொடக்கத்திலேயே முழு அளவு கொடுத்தால் இதயத்தின் சுமை திடீரென அதிகரிக்கும்.

6 வாரக் காத்திருப்பு ஏன்?

உட்கொள்ளும் டி4 ஹார்மோனில் பாதி உடலிலிருந்து நீங்குவதற்குச் சுமார் 7 நாட்கள் ஆகின்றன. இதனால் புதிய அளவு ரத்தத்தில் நிலைபெற 5 முதல் 6 வாரங்கள் தேவை. அளவை மாற்றிய 10 நாட்களில் பரிசோதித்தால் கிடைக்கும் எண் நிலையானதன்று. அதை வைத்து மீண்டும் அளவை மாற்றினால், ஒருமுறை கூடுதலும் மறுமுறை குறைவுமாக அலைபாயும் நிலையே ஏற்படும். 6 முதல் 8 வாரங்களுக்குப் பின் பரிசோதிப்பதே முறை. அளவு சீரான பின் 6 மாதங்களுக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை பரிசோதித்தால் போதுமானது.

அளவு சரி, உட்கொள்ளும் முறை தவறு

மாத்திரை எடுத்தும் டி.எஸ்.எச் இறங்காதபோது, அளவைக் கூட்டுவதற்கு முன் உட்கொள்ளும் முறையைச் சரிபார்க்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொண்டு, காபி, தேநீர், சிற்றுண்டி ஆகியவற்றுக்கு 30 முதல் 60 நிமிடங்கள் இடைவெளி விட வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. இவை குடலில் தைராய்டு மருந்துடன் பிணைந்து, அது ரத்தத்தில் சேர்வதைத் தடுக்கின்றன. காலையில் இயலாதோர், மருத்துவர் ஆலோசனையுடன் இரவு உணவு முடிந்து 3 மணி நேரத்துக்குப் பின் உட்கொள்ளலாம்.

மாத்திரை புட்டியை வெப்பமும் ஈரமும் படாத இடத்தில் வைக்க வேண்டும். தயாரிப்பு நிறுவனத்தை மாற்றினால் 6 வாரங்கள் கழித்து டி.எஸ்.எச் பரிசோதிப்பது நல்லது.

பரிசோதனைக்கு முன் கவனிக்க வேண்டியவை

டி.எஸ்.எச் அளவு இரவிலும் அதிகாலையிலும் உயர்ந்து, பிற்பகலில் இறங்கும் இயல்புடையது. ஆகவே ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் ரத்தம் கொடுப்பது சிறந்தது. ஃப்ரீ டி4 பரிசோதனை இருந்தால், அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பின்னரே உட்கொள்ள வேண்டும். முடி வளர்ச்சிக்காக எடுக்கப்படும் பயோட்டின் மாத்திரை, சில பரிசோதனை முறைகளில் டி.எஸ்.எச் அளவைக் குறைத்தும் டி4 அளவைக் கூட்டியும் தவறாகக் காட்டும். அதைக் குறைந்தது 2 நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும்.

கர்ப்பிணிகளின் கவனத்துக்கு

கருவின் மூளை வளர்ச்சி, முதல் மூன்று மாதங்களில் தாயின் தைராய்டு ஹார்மோனையே பெரிதும் சார்ந்துள்ளது. ஏற்கெனவே மாத்திரை உட்கொள்ளும் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் பொதுவாக 25 முதல் 30 சதவீதம் கூடுதல் அளவு தேவைப்படுகிறது. டி.எஸ்.எச் 2.5-க்குக் கீழ் இருப்பதே இலக்கு. கர்ப்பம் உறுதியானவுடனேயே மருத்துவரை அணுக வேண்டும். எந்நிலையிலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

அளவு மிஞ்சினால்

உடல் எடையைக் குறைக்கலாம் என்ற எண்ணத்தில் கூடுதலாக மாத்திரை உட்கொள்வது அபாயகரமானது. படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, அதிக வியர்வை ஆகியவை அளவு மிஞ்சியதன் அறிகுறிகள். டி.எஸ்.எச் நீண்ட காலம் 0.1-க்குக் கீழே இருந்தால் சீரற்ற இதயத் துடிப்பும், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்புத் தேய்மானமும் ஏற்படும் வாய்ப்பு அதிகம்.

மாத்திரை உட்கொள்ளும் ஒருவரின் அறிக்கை 'நார்மல்' என வருவது, மருந்து தேவையில்லை என்பதற்கான சான்றன்று. அந்த அளவு அவருக்குப் பொருந்துகிறது என்பதே அதன் பொருள். நிறுத்தினால் முதல் சில நாட்களில் மாற்றம் எதுவும் தெரியாது. வாரங்கள் செல்லச் செல்லச் சோர்வும் மலச்சிக்கலும் குளிர் தாங்காமையும் திரும்பும். பிரசவத்துக்குப் பிந்தைய தைராய்டு அழற்சி போன்ற சில நிலைகளில் மருந்தை நிறுத்த முடியும். எனினும் அதை மருத்துவரே கண்காணிப்புடன் முடிவு செய்ய வேண்டும்.

(பொறுப்புத் துறப்பு: இக்கட்டுரையில் உள்ள தகவல்கள் பொதுவான புரிதலுக்கானவை மட்டுமே. மருந்தின் அளவை மாற்றுவதற்கு முன் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது அவசியம்.)