ஒடுக்கெடுத்தல்: செம்புக் குடம் முதல் மகிழுந்து வரை



"ஒழுங்காகப் படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான் போவாய்" என்று பிள்ளைகளை எச்சரிப்பது நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் வழக்கமாகிவிட்டது. ஆனால், மகிழுந்தின் கதவில் சிறு ஒடுக்கு விழுந்துவிட்டால் நாம் தேடிச் செல்வது அந்தப் பட்டறையைத்தான். சிலர் இணையத்தில் காணொளிகளைப் பார்த்து, வீட்டிலேயே ஒடுக்கெடுக்க முயல்கின்றனர். எளிய வேலைபோல் தோன்றும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் தமிழர்க்கும் பங்குண்டு. நாம் வாழும் பினாங்கிற்கும் பங்குண்டு.

மும்மொழியில் ஒரே சொல்

மகிழுந்து தோன்றுவதற்குப் பன்னெடுங்காலத்திற்கு முன்பே ஒடுக்கெடுக்கும் தொழில் தோன்றிவிட்டது. செம்பும் பித்தளையும் புழங்கிய வீடுகளில் குடம் கீழே விழுந்தால் ஒடுக்கு விழும். அதை எறிந்துவிட்டுப் புதியது வாங்கும் வழக்கம் அன்று இல்லை. ஒடுக்கெடுத்து ஈயம் பூசித் தருவோர் தமிழகத்தில் தெருத்தெருவாகக் கூவி வந்தனர். கம்மாளர் எனப்படும் ஐவகைத் தொழிலாளருள் செம்பு, பித்தளை, வெண்கல வேலை செய்தோர் கன்னார். பொன்வேலை செய்தோர் தட்டார். 'தட்டார்' என்னும் பெயரே தட்டுதல் என்னும் செயலிலிருந்து பிறந்தது.

நம் ஜார்ஜ்டவுனில் உள்ள ஆர்மீனியன் தெருவை ஹொக்கியன் சீனர் 'பா தாங் ஆ கே' என்று அழைப்பர். செம்பு தட்டுவோர் தெரு என்பது அதன் பொருள். இன்று சுவரோவியங்களின்முன் நின்று படமெடுக்க வருவோரால் நிறைந்திருக்கும் அத்தெருவில் ஒருகாலத்தில் சுத்தியலோசை கேட்டது என்பதற்கு அப்பெயரே சான்று. மகிழுந்துப் பட்டறைகளின் மலாய்ப் பெயர்ப்பலகைகளில் காணப்படும் 'கெத்துக்' என்னும் சொல்லுக்கும் தட்டுதல் என்பதே பொருள். தமிழர், சீனர், மலாய்க்காரர் ஆகிய மூவினத்தாரும் இத்தொழிலை அதன் ஓசையைக் கொண்டே அடையாளம் கண்டுள்ளனர்.

வெள்ளி இரதமும் பழைய மகிழுந்தும்

தைப்பூசத் திருநாளில் பினாங்கு வீதிகளில் உலா வரும் நகரத்தார் வெள்ளி இரதத்தை நாம் அனைவரும் அறிவோம். காரைக்குடியில் உருவாகிய அவ்விரதம் 1894-ஆம் ஆண்டு கப்பலேறிப் பினாங்கை அடைந்தது. மரத்தாலான சட்டம், அதன்மேல் போர்த்திய வெள்ளித் தகடு என்பதே அதன் அமைப்பு.

வியப்பு என்னவெனில், தொடக்ககால மகிழுந்துகளின் உடலும் பெரும்பாலும் இவ்வகையிலேயே அமைந்திருந்தது. குதிரை வண்டி செய்த தச்சர்களே மரச்சட்டம் கட்டி, அதன்மேல் உலோகத் தகட்டைப் பொருத்தினர். அமெரிக்காவில் எட்வர்டு பட் என்பாரின் நிறுவனம் முழுவதும் எஃகினாலான உடலைச் செய்து தர, 1914-ஆம் ஆண்டு டாட்ஜ் நிறுவனம் அத்தகைய மகிழுந்துகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர், பெரும் அழுத்தப் பொறிகள் சில நொடிகளில் தகட்டை வளைத்துக் கதவாகவும் கூரையாகவும் மாற்றத் தொடங்கின. செய்யும் வேலை பொறிக்குச் சென்றது. பழுதுபார்க்கும் வேலையோ மனிதனின் கையிலேயே தங்கியது.

1985: மகிழுந்து பெருகிய காலம்

நம் நாட்டில் 1983-இல் புரோட்டோன் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1985 ஜூலை 9-ஆம் நாள் புரோட்டோன் சாகா அறிமுகமானது. அதே ஆண்டில் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலமும் திறக்கப்பட்டது. 1994-இல் பெரோடுவா காஞ்சில் வந்தபோது, சிறு வருமானம் உடைய குடும்பங்களும் மகிழுந்து வாங்க முடிந்தது. மகிழுந்து பெருகியது, ஆனால் ஜார்ஜ்டவுனின் பழைய வீதிகள் அகலவில்லை. நெருக்கி நிறுத்திய வண்டிகள், திறக்கும்போது இடிபடும் கதவுகள், மரத்திலிருந்து விழும் காய்கள் என ஒடுக்குகளும் பெருகின. தட்டும் பட்டறைகளுக்கு வேலையும் பெருகியது. நம் இளைஞர் பலர் சீனத் தவுக்கேயிடம் கையாளாகச் சேர்ந்து இத்தொழிலைக் கற்றனர்.

தட்டுவதில் உள்ள அறிவு

ஒடுக்கெடுப்பது வெறும் உடல் உழைப்பன்று. தகட்டை மெல்ல அழுத்தினால் அது மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பும். ஓர் எல்லையைக் கடந்து அழுத்தினால் வளைவு நிலைத்துவிடும். வளைந்த இடம் முன்னைவிடக் கடினமாகியும் விடும். இதனால்தான் ஒடுக்கின் நடுப்பகுதியில் ஓங்கி அடிப்பது தவறாகிறது. அடிபட்டபோது முதலில் நடுப்பகுதி உள்வாங்குகிறது. அதன் விளைவாகச் சுற்றிலும் மேடு எழுகிறது. தேர்ந்த தொழிலாளி இவ்வரிசையைத் தலைகீழாக மாற்றுகிறார். முதலில் மேட்டைத் தணித்துவிட்டு, பின்னரே பள்ளத்தை உயர்த்துகிறார். தகட்டின் பின்புறம் இரும்புத் தாங்கியை வைத்து, முன்புறம் சுத்தியலால் தட்டுகிறார். கன்னார் பாத்திரத்தைப் பட்டடையில் ஏந்திக் கொட்டாப்புளியால் தட்டிய முறையும் இதுவே.

பஞ்சாப் மாநிலத்தின் ஜண்டியாலா குரு என்னும் ஊரில் செம்பு, பித்தளைப் பாத்திரங்களைத் தட்டிச் செய்யும் தட்டேரா சமூகத்தாரின் கைவினையை, யுனெஸ்கோ 2014-இல் மானுடத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. உலகமே போற்றும் மரபின் உறவுத்தொழிலைத்தான் நாம் 'படிக்காதவன் வேலை' என்கிறோம்.

வீட்டில் செய்யக்கூடியவை

இவ்வறிவைக் கொண்டு, வீட்டில் செய்யத்தக்கது எது, தகாதது எது என்று நாமே உணரலாம்.

1. இக்காலத்து மகிழுந்துகளின் முன்பின் முட்டுத்தாங்கிகள் பெரும்பாலும் நெகிழியால் ஆனவை. அங்கு விழுந்த ஒடுக்கின்மீது கொதிநீரை ஊற்றினால் நெகிழி இளகும். கையுறை அணிந்து பின்புறமிருந்து தள்ளினால் பழைய வடிவம் பெறும். உடனே குளிர்ந்த நீரை ஊற்றினால் அவ்வடிவம் நிலைக்கும். கொதிநீர் என்பதால் பிள்ளைகளை விலக்கி நிறுத்துதல் வேண்டும்.

2. எஃகுக் கதவில் விழுந்த ஒடுக்கு ஆழமின்றி, வட்டமாக, மடிப்புக்கோடு இல்லாமல் இருந்தால் ஈரமாக்கிய இரப்பர் உறிஞ்சியை ஒட்டி இழுக்கலாம். மடிப்பு விழுந்திருந்தாலோ, சாயம் வெடித்திருந்தாலோ தொழிலாளியிடம் செல்வதே நன்று.

3. முடி உலர்த்தியால் சூடாக்கிப் பனிக்கட்டியால் குளிர்வித்தால் எஃகு ஒடுக்கு மறையும் என்பதை நம்பிவிட வேண்டாம். 10 சென்டிமீட்டர் எஃகுத் தகட்டின் வெப்பத்தை 60 பாகை உயர்த்தினாலும் அது ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டரே விரியும். நிலைத்துவிட்ட வளைவை நிமிர்த்த இது போதாது.

புதிய மகிழுந்துகளின் வெளித்தகடு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் தடிப்பே கொண்டது. ஆயினும், சாயம் உலர்த்தும் சூளையின் வெப்பத்தில் மேலும் வலுவடையும் எஃகு வகைகள் இப்போது பயன்படுகின்றன. எளிதில் ஒடுங்காத இத்தகடு, ஒடுங்கிவிட்டால் எளிதில் நிமிராது. எனவே, தொழிலாளியின் கையறிவுக்கு இனியும் தேவை உண்டு.

நம் கடமை

2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் (சட்டம் 652), திறன் சான்றிதழ்களுக்குச் சட்ட மதிப்பளித்தது. மலேசியத் திறன் சான்றிதழின் முதல் மூன்று நிலைகளைத் தாண்டி, திறன் டிப்ளோமா, உயர்நிலைத் திறன் டிப்ளோமா என ஐந்தாம் நிலைவரை ஒருவர் உயரலாம். பட்டறையில் தொடங்கும் பாதை பட்டறையிலேயே முடிய வேண்டியதில்லை.

ஆசிரியர்களே, ஒரு வெற்று அலுமினியக் குவளையை வகுப்பிற்குக் கொண்டு செல்லுங்கள். மெல்ல அழுத்தி விடச் சொல்லுங்கள். பிறகு வலுவாக அழுத்தச் சொல்லுங்கள். எப்போது நிமிர்ந்தது, எப்போது நிமிரவில்லை, ஏன் என்று வினவுங்கள். அறிவியல் பாடமும் தொழில் பாடமும் ஒன்றே என்பது அந்த ஐந்து நிமிடத்தில் விளங்கும்.

பெற்றோர்களே, அடுத்த முறை மகிழுந்தைப் பட்டறைக்குக் கொண்டு செல்லும்போது பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தொழிலாளி ஒளியைச் சாய்த்துப் பிடித்துப் பள்ளம் பார்ப்பதையும், உள்ளங்கையால் தகட்டைத் தடவி மேடு அறிவதையும் அவன் காணட்டும். அவரை 'அண்ணே' என்று மரியாதையுடன் அழைத்து, 'இது எப்படி நிமிர்ந்தது?' என்று கேட்கவும் கற்றுக் கொடுங்கள். பட்டறையைக் காட்டி அச்சுறுத்தப்பட்ட பிள்ளை படிப்பையும் வெறுக்கிறான், உழைப்பையும் இகழ்கிறான். இந்த ஒடுக்கை நிமிர்த்த வேண்டியவர்கள் நாம்தாம்.