வரைவிலக்கணத்துக்கு வெளியே: அமெரிக்கத் தொழிற் சட்டமும் பண்ணைத் தொழிலாளரும்

ஐக்கிய அமெரிக்காவின் 1938 ஆம் ஆண்டு நியாயத் தொழில் நியமங்கள் சட்டத்தை ஜனாதிபதி றூஸ்வெல்ற்றின் கருணையாகக் காட்டுவோர் பலர். அக்கருத்து நமக்கு உடன்பாடன்று. சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்திய சமஷ்டிச் சட்டத்தை 1918 இல் செல்லாதாக்கியது உச்ச நீதிமன்றம். அதே நீதிமன்றம் 1937 மார்ச்சில், ஹோட்டற் பணிப்பெண் ஒருவரின் வழக்கில், வோஷிங்டன் மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. 1934 இன் சான் பிரான்சிஸ்கோ பொது வேலைநிறுத்தமும், 1937 பெப்ரவரியில் வெற்றியுடன் முடிந்த பிளின்ற் மோட்டார்த் தொழிலாளரின் உள்ளிருப்புப் போராட்டமும் இதற்கு முந்தியவை. நீதிபதிகளின் மனமாற்றத்தை இவற்றினின்று பிரித்து நோக்க நாம் விரும்பவில்லை.

மணிக்கு 25 சதக் கூலி, வாரத்துக்கு 44 மணி வேலை, அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் என்பன 1938 இல் வந்த பேறுகள். ஆனால் அவை யாருக்கு? எழுதப்பட்டதில் எழுதப்படாததைத் தேடுவது இலக்கிய மாணவரின் பழக்கம். சட்டத்தின் வரைவிலக்கணப் பகுதியையே நாம் முதலிற் படிக்கின்றோம். தொழிற்சங்க உரிமை வழங்கிய 1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பண்ணைக் கூலியும் வீட்டுப் பணியாளரும் 'தொழிலாளர்' அல்லர். 1938 ஆம் ஆண்டுச் சட்டமும் விவசாயத் தொழிலுக்கு விலக்களித்தது. 'கறுப்பர்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. தென் மாநிலங்களிற் கறுப்பின மக்களுட் பெரும்பாலோர் செய்த வேலைகள் இவ்விரண்டுமே. பருத்தி நிலவுடைமையாளரின் நலன் காத்த தென்மாநில ஜனநாயகக் கட்சியினரின் வாக்குகளின்றிச் சட்டம் நிறைவேறியிராது.

இவ்விலக்கே பின்னர் ஆண்டைகளுக்கு எதிராகத் திரும்பியமைதான் சுவையானது. 1947 ஆம் ஆண்டின் ராவ்ற்-ஹார்ட்லி சட்டம், தகராற்றிற் சம்பந்தப்படாத கடைகள் மீதும் பகிஷ்கரிப்பைத் திருப்பும் உரிமையைத் தொழிற்சங்கங்களிடமிருந்து பறித்தது. பண்ணைத் தொழிலாளரோ சட்டத்தின் பாதுகாப்புக்கு மட்டுமன்றி அதன் தளைக்கும் வெளியே நின்றனர். 1965 செப்டெம்பரில் கலிபோர்னியாவின் டிலானோவில் பிலிப்பினோத் தொழிலாளர் தொடங்கி மெக்சிக்கத் தொழிலாளர் இணைந்த திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம், நாடெங்குமுள்ள கடைவாசல்களுக்குப் பரவியது. 1970 இல் முதலாளிகள் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டனர்.

சட்டம் மெதுவாகவே பின்தொடர்ந்தது: 1966 இற் பெரும் பண்ணைகளுக்கும் 1974 இல் வீட்டுப் பணியாளருக்கும் குறைந்தபட்சக் கூலி விரிவாக்கப்பட்டது. பண்ணைத் தொழிலாளருக்கு மேலதிக நேர ஊதியத்தைச் சமஷ்டிச் சட்டம் இன்றும் உறுதிசெய்யவில்லை. 1935 இன் வரைவிலக்கணத்தில் அவ்விலக்கு இன்னும் அப்படியே உள்ளது.