தும்மல் மாத்திரையும் காது இரைச்சலும்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். எனக்குத் தை பிறந்தால் தும்மல் பிறக்கும்.

குடவாசலைச் சுற்றி சம்பா அறுவடை தொடங்கியதும் எங்கள் வீட்டில் ஜன்னலைச் சாத்திவிடுவோம். முன்பெல்லாம் கையறுப்பு. களத்தில் கட்டடித்துத் தூற்றும்போதுதான் சுணை பறக்கும். இப்போது அறுவடை இயந்திரம் வயலில் ஒரு சுற்று வந்தால் தூசி மேகம் போல எழும்பி, ரோட்டைத் தாண்டித் தெருவுக்குள் வந்துவிடுகிறது. நெல் கொள்முதல் நிலையத்தைச் சைக்கிளில் கடந்து போனாலே போதும். அன்று முழுக்கத் தும்மல், கண் அரிப்பு, மூக்கில் குழாயைத் திறந்துவிட்ட கதை.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் காது. எட்டு வருஷமாக என் காதுக்குள் ஒரு சில்வண்டு குடியிருக்கிறது. வாடகை தராது, காலியும் செய்யாது. பகலில் தெருச் சத்தத்தில் அடங்கியிருக்கும். ராத்திரி விளக்கை அணைத்ததும் "கொய்ய்ய்" என்று ஆரம்பிக்கும். டாக்டர்கள் இதை டின்னிட்டஸ் என்கிறார்கள். வைத்தியர்கள் கர்ணநாதம் என்பார்கள். நான் படித்த பிரெஞ்சில் இதற்கு அக்குஃபேன் என்று பெயர்.

அந்தப் பிரெஞ்சுச் சொல்தான் வம்பை இழுத்து வந்தது. நான் காரைக்காலில் பிறந்தவன். 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தபோது எனக்கு ஐந்து வயது. சட்டப்படி முழு இணைப்பு 1962 ஆகஸ்டு 16ல்தான் நடந்தது. இடைப்பட்ட வருஷங்களில் என் பள்ளிக்கூடம் பிரெஞ்சிலேயே நடந்தது. பிறகு குமாஸ்தா வேலை, ஓய்வு, மனைவியின் ஊரான குடவாசலில் வாசம். பிரெஞ்சு மட்டும் இன்னும் மறக்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன் பிரான்சிலிருந்து வந்த உறவுக்காரப் பையன் என் தும்மலைப் பார்த்துவிட்டு, "மாமா, இதைப் போட்டுக்குங்க" என்று ஒரு மாத்திரைப் பெட்டியைக் கொடுத்தான். குமாஸ்தா புத்தி சும்மா இருக்குமா? உள்ளே மடித்திருந்த தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தேன். பக்க விளைவுகளின் நீண்ட பட்டியலில், அபூர்வமாக வரக்கூடியவை என்ற தலைப்பின் கீழே, அக்குஃபேன் என்று இருந்தது.

அன்றே பெட்டியை மூடிவிட்டேன். நம் ஊர் மாத்திரையையும் தொடவில்லை. இரண்டு அறுவடைக் காலம் மாத்திரை இல்லாமலே தும்மிக் கழித்தேன்.

நான் ஏன் அவ்வளவு பயந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். மருந்தால் காது கெடும் என்பது எங்கள் வீட்டில் கேள்விப்பட்ட விஷயமல்ல, கண்ணால் கண்ட விஷயம்.

என் அப்பாயி பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். 1934ல் மேட்டூர் அணை கட்டி முடித்து, அதுவரை வானம் பார்த்துக் கிடந்த அந்தப் பக்கத்துக்குப் புதிய கால்வாயில் தண்ணீர் வந்தது. நெல்லும் வந்தது, கூடவே மலேரியாவும் வந்தது. ராக்பெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் என்ற அமெரிக்க டாக்டர் பட்டுக்கோட்டையில் ஆய்வு நடத்தும் அளவுக்கு அந்தக் காய்ச்சல் இருந்தது. அப்போது மருந்து என்றால் கொயினாதான். அப்பாயி சொல்வார்: "காது கொய்யுன்னு இரைஞ்சாத்தான் மருந்து புடிச்சிருக்குன்னு அர்த்தம்." கைவைத்தியம் மாதிரித் தோன்றும் இந்தப் பேச்சு உண்மைதான். கொயினா உடம்பில் போதுமான அளவு ஏறியதற்குக் காது இரைச்சல் ஓர் அடையாளம் என்று அந்தக் காலத்து டாக்டர்களே சொன்னார்கள்.

இந்தக் கொயினாவைச் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820ல் பிரித்தெடுத்தவர்கள் பாரிஸ் நகரத்துப் பெல்லெத்தியே, காவெந்து என்ற இரண்டு பேர். மரம் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. 1860ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் போட்டார்கள். நடுவட்டத்தில் கொயினாத் தொழிற்சாலையே இருந்தது. அப்பாயியின் காதில் இரைந்தது நீலகிரி மரமாகக்கூட இருக்கலாம்.

அப்பாயிக்குக் காய்ச்சல் போனதும் இரைச்சலும் போய்விட்டது. பெரியப்பாவுக்கு அப்படி இல்லை.

பெரியப்பாவுக்கு ஐம்பதுகளில் காசநோய். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார்கள். அமெரிக்காவில் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில், மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் 1943ல் கண்டுபிடித்த மருந்து. காசநோய்க்காரர்களுக்கு அதுவரை இல்லாத நம்பிக்கையைக் கொடுத்த மருந்து. வாக்ஸ்மனுக்கு 1952ல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அது உள்காதின் நுண்ணிய மயிரணுக்களைக் கெடுக்கும். கெட்டால் அவை மறுபடி முளைக்காது. பெரியப்பாவுக்கு நெஞ்சு தேறியது. நடந்தால் தள்ளாட்டம், காதில் இரைச்சல், பிறகு பாதிச் செவிடு. அவர் யாரையும் குறை சொன்னதில்லை. "உசுரு இருக்கே" என்பார். ஆனால் ராத்திரியில் வீட்டுக்குள் படுக்க மாட்டார். வாய்க்கால் மதகடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுப்பார். மதகில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். சின்னப் பையனாக இருந்தபோது அது எனக்குப் புரியவில்லை.

இந்த இரண்டு பேரையும் பார்த்து வளர்ந்தவன், தாளில் அக்குஃபேன் என்ற சொல்லைக் கண்டதும் பெட்டியை மூடினேன் என்றால், அதில் அதிசயம் இல்லை. ஆனால் நான் செய்தது தப்பு. அந்தத் தப்பு என்னவென்று புரிய, அலர்ஜி மருந்தின் வரலாற்றைக் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது. அதில் பாதி பிரெஞ்சுக்காரர்களின் கதை என்பதால் எனக்கு ருசியாகவும் இருந்தது.

1901ல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் சார்ல் ரிஷே, போல் போர்த்தியே என்ற இரு ஆய்வாளர்கள் கடலுக்குப் போனார்கள். ஒருவகை ஜெல்லி மீனின் விஷத்தை ஆராய்வது அவர்கள் வேலை. நம் கடற்கரையில் ஜெல்லி மீனைச் சொறி என்பார்கள். பட்டால் என்ன ஆகும் என்பதைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள் நம் மீனவர்கள்! பாரிசுக்குத் திரும்பிய இருவரும் கடல் சாமந்தியின் விஷத்தை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருமுறை கொடுத்துப் பழக்கினால் அடுத்த முறை உடம்பு தாங்கும் என்பது கணக்கு. நடந்தது நேர்மாறு. நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியைத் தாங்கியது. சுமார் மூன்று வாரம் கழித்துச் சிறு அளவு கொடுத்ததும் சில நிமிஷங்களில் மூச்சுத் திணறி, அன்றே செத்தது. இதற்கு அனஃபிலாக்சி என்று பெயர் வைத்தார்கள். ரிஷேவுக்கு 1913ல் நோபல் பரிசு. இடையில் 1906ல் வியன்னாவின் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே அலர்ஜி என்ற சொல்லை உண்டாக்கினார்.

உடம்பில் இந்த அமளியைச் செய்கிற பொருள்களில் முக்கியமானது ஹிஸ்டமின். இதைத் தடுக்கும் மருந்தை 1937ல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் தானியல் போவேயும் ஆன்-மரி ஸ்தோப் என்ற பெண் ஆய்வாளரும் முதலில் கண்டார்கள். அது மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவு நச்சு. 1942ல், ஜெர்மானியர் பிரான்சை ஆக்கிரமித்திருந்த நாளில், ஆந்தெர்கான் என்ற மருந்து நோயாளிகளுக்கு வந்தது. போர் முடிந்ததும் ஃபெனர்கான் வந்தது. இன்றும் நம் மருந்துக் கடைகளில் அந்தப் பெயர் உண்டு. போவேக்கு 1957ல் நோபல் பரிசு.

இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது? எங்கள் ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். ஹிஸ்டமின் வந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால்தான் தும்மல், அரிப்பு, மூக்கு ஒழுகல் எல்லாம் "உத்தரவு" ஆகும். மாத்திரை முன்கூட்டியே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. ஃபைல் நகராது. பழைய மாத்திரைகள் மூளைக்குள்ளும் புகுந்து அங்கிருக்கும் நாற்காலிகளையும் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் தூக்கம் சொக்கும். எண்பதுகளில் வந்த சிட்ரிசின் போன்றவை மூளைக்குள் குறைவாகவே போகின்றன.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. காதைக் கெடுக்கும் மருந்து என்று ஒரு பட்டியல் உண்மையிலேயே உண்டு. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டமைசின் ஊசிகள் உண்டு. கொயினா உண்டு. ஆஸ்பிரினும் உண்டு, அதிக அளவில். முன்பு கீல்வாதத்துக்கு ஆஸ்பிரினைக் காது இரையும் வரை ஏற்றி, பிறகு கொஞ்சம் குறைப்பார்களாம். தும்மல் மாத்திரைகள் அந்தப் பட்டியலைச் சேர்ந்தவை அல்ல. யாரோ சிலருக்கு இரைச்சல் வந்ததைத் தாளில் அச்சிடுகிறார்கள், அது அவர்கள் கடமை. ஆனால் நான் அபூர்வம் என்ற சொல்லைத் தாண்டிப் போய் அக்குஃபேனில் நின்றுவிட்டேன். பெரியப்பாவின் ஃபைலில் இருந்த குற்றச்சாட்டை வேறொருவர் ஃபைலில் கோத்துவிட்டேன்.

மூன்றாவது தையில் மூக்கு அடைத்து, காது அடைத்து, நாலு நாள் தூக்கமில்லாமல் போனபோது என் மனைவி, "என்னங்க, தும்மியே சாகப் போறீங்களா? கெளம்புங்க" என்று கும்பகோணத்துக்கு இழுத்துப் போனாள். காது மூக்கு தொண்டை டாக்டர், என் பேத்தி வயசுப் பெண். காது கேட்கும் அளவைச் சோதித்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, வயசுனால மெல்லிய சத்தங்கள் உங்களுக்குக் கேக்குறது கொறஞ்சிருக்கு. கேக்காத சத்தத்தை மூளை தேடுது, அந்தத் தேடல்தான் பெரும்பாலும் இந்த இரைச்சல். மூக்குக்குப் பின்னாலேருந்து காதுக்குப் போற குழாய் வீங்கி அடைச்சா வெளிச் சத்தம் இன்னும் கொறையும், உள் சத்தம் பெரிசாத் தெரியும். தும்மலை அடக்குனா காதுக்கும் நல்லதுதான்."

மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே அறுவடைக் காலம் முழுக்க, தேவைப்படும் நாளில் தூக்கம் அதிகம் தராத மாத்திரை ஒன்று. கூடவே மூன்று எச்சரிக்கைகள். பழைய, தூக்கம் சொக்க வைக்கும் மாத்திரை என் வயதில் வேண்டாம். ராத்திரி எழுந்தால் தள்ளாடி விழலாம், புராஸ்டேட் உள்ளவர்களுக்குச் சிறுநீர் கட்டலாம். அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தைச் சில நாளுக்கு மேல் விடக்கூடாது. விட்டால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். ஜலதோஷத்துக்கு என்று விற்கும் கூட்டு மாத்திரைகளில் ரத்த அழுத்தத்தை ஏற்றும் சரக்கும் சேர்ந்திருக்கும், பின்பக்கம் படிக்காமல் வாங்கக்கூடாது.

எனக்கு அப்போதும் முழு நம்பிக்கை வரவில்லை. ஒரு பழைய நோட்டில் ரிஜிஸ்டர் போட்டேன். தேதி, மாத்திரை, தும்மல், தூக்கம், இரைச்சலுக்குப் பத்துக்கு எத்தனை மார்க். நாற்பத்தைந்து நாள் விடாமல் எழுதினேன். கூட்டிப் பார்த்தால், இரைச்சல் எட்டு, ஒன்பது வாங்கிய ராத்திரிகள் மாத்திரை போட்ட ராத்திரிகள் அல்ல. மூக்கடைத்துத் தூங்காமல் கிடந்த ராத்திரிகள். இது என் ஒருவன் கணக்குதான். மற்றவர்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம், டாக்டரைத்தான் கேட்க வேண்டும். என் கணக்கு எனக்குப் போதுமானதாக இருந்தது.

இன்னொன்றையும் அந்த நோட்டு காட்டிக்கொடுத்தது. பிப்ரவரியில் மார்க் கொஞ்சம் கூடுதல். யோசித்துப் பார்த்தேன். மேட்டூரை ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடுவது வழக்கம். மூடிய பிறகு எங்கள் தெருக்கோடி வாய்க்காலும் வற்றிவிடும், மதகுச் சத்தம் நின்றுவிடும். அதே சமயத்தில் தூசிக்காக ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். அறை நிசப்தமானதும் சில்வண்டுக்குக் கொண்டாட்டம்.

பெரியப்பா எதற்காக மதகடியில் படுத்தார் என்பது, அவர் போய் இத்தனை வருஷம் கழித்து, எழுபது வயதைத் தாண்டி எனக்கு விளங்கியது. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தன் காதுக்கான மருந்தை அவரே கண்டுபிடித்திருக்கிறார்.

இப்போது மாசி வரை ராத்திரியில் பழைய டேபிள் ஃபேனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி ஓட விடுகிறேன். "பனியில ஃபேனா?" என்று மனைவி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறாள். ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும் என்று சமாதானம் சொல்லிவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுக்கிறேன்.