பேச்சு அறுக்கப்பட்டோர் கல்லூரி

ஸ்காபரோவில் மோர்னிங்சைட் வீதியும் எல்ஸ்மியர் வீதியும் சந்திக்கும் இடத்தருகே, ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்கின் விளிம்பில், நீண்டதொரு கொங்கிறீற் கட்டடம் நிற்கிறது. ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம். எம்மிற் பலருக்கு அது பிள்ளைகளைக் காரில் கொண்டுபோய் இறக்கிவிடும் இடம். ஆனால் நாம் இந்நகருக்கு வருமுன்னரே அக்கட்டடத்துக்கு ஒரு கதை இருந்தது.

1960களின் நடுப்பகுதியில் ஜோன் அன்ட்ரூஸ் என்ற அவுஸ்திரேலியக் கட்டடக் கலைஞர் அதை வடிவமைத்தார். தொலைக்காட்சியை நம்பி எழுப்பப்பட்ட கல்லூரி அது. விரிவுரைகளை உள்ளேயிருந்த ஸ்ரூடியோக்களில் பதிவுசெய்து வகுப்பறைப் பெட்டிகளுக்கு அனுப்புவதே திட்டம். ஆசிரியர் ஒருவர், அவர் முகமோ பல அறைகளில். மாணவர் கேள்வி கேட்டால் பெட்டி பதில் சொல்லாது. எதிர்ப்பு எழுந்தது, 1970களின் தொடக்கத்தில் திட்டம் சோர்ந்து போயிற்று.

அந்தக் கட்டடத்திற்றான் 1969 இல் டேவிட் குரோனன்பேர்க் என்ற ரொறொன்ரோ இளைஞர் 'ஸ்ரீரியோ' என்ற கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தார். ஓர் ஆய்வு நிலையம். மனத்தால் மனத்தோடு பேசும் ஆற்றலை வளர்ப்பதற்காகச் சிலருக்குப் பேச்சு சத்திரசிகிச்சையால் அகற்றப்படுகிறது. கமெரா இரைந்தபடியால் உரையாடலைப் பதிய வசதியிருக்கவில்லை. ஆகவே படத்தில் வருபவர் எவரும் பேசுவதில்லை. ஆய்வாளர்களின் குரல்களே அவர்களைப்பற்றிப் பேசுகின்றன. ஒரு பெண் பிறர் தன் மனத்துள் நுழைவதைத் தாங்காமல் பொய்யான ஒரு 'தன்னை' உண்டாக்கி முன்னே நிறுத்துகிறாள். மெய்யான தன்னைப் பின்னே ஒளித்து வைக்கிறாள்.

பதினான்கு வருடங்களின் பின் அதே குரோனன்பேர்க் 'வீடியோட்ரோம்' எடுத்தார். ரொறொன்ரோவின் சிறிய தொலைக்காட்சி நிலையமொன்றை நடத்துபவனுக்கு மலேசியாவிலிருந்து வருவதாகச் சொல்லப்படும் சித்திரவதைக் காட்சிகள் அகப்படுகின்றன. நடிப்பா, நிசமா என்று தேடிப்போகிறான். அத்தேடலில் பேராசிரியர் ஒப்ளிவியனைப்பற்றி அறிகிறான். தொலைக்காட்சிப் பெட்டியினூடாக மட்டுமே தோன்றும் பிரபலம் அவர். ரொறொன்ரோவில் கற்பித்து 1980 இன் கடைசி நாளில் மறைந்த மார்ஷல் மக்லூகனின் சாயல் அவரில் உண்டு. பிறகுதான் தெரிகிறது, அவர் எப்போதோ இறந்துவிட்டார். ஆயிரக்கணக்கான கசற்றுகளாக மட்டும் வாழ்கிறார். மகள் அவற்றை ஒவ்வொன்றாக வெளியிடுகிறாள்.

படம் திரைக்கு வந்தது 1983 பெப்ரவரியில். அதே வருடம் யூலையில் எங்கள் வீடுகள் எரிந்தன.

நாம் இங்கு வந்து சேர்ந்தபோது எமக்கும் கசற்றுகளே துணையாயின. 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்ற பிறகும் எப்படியோ வீடியோக் கொப்பிகள் வந்தன. ஊரில் நடந்த கல்யாணத்தை ஸ்காபரோத் தொடர்மாடியின் ஒரு அறையில் பத்துப் பேராக இருந்து பார்த்தோம். தாயின் செத்தவீட்டைக் கொப்பியில் பார்த்து அழுதவர்கள் எம்மிடையே உண்டு. அந்த அழுகையைப் பொய்யென்று யார் சொல்வது? படத்தைத் திரும்பச் சுற்றினால் தாய் மறுபடியும் கூடத்தில் கிடத்தப்பட்டிருப்பாள். ஆனால் கொப்பியை அனுப்பியவர் யார், எடுத்தவர் யார், ஓரத்தில் நின்றழும் பெரியம்மா யார் என்பதெல்லாம் எமக்குத் தெரியும். நாம் நம்பியது பெட்டியை அல்ல, அந்தக் கைகளை.

இன்று அந்தக் கைகள் மறைந்து வருகின்றன. 2024 இல் 'லால் சலாம்' படப்பாடலொன்றில் ஏ.ஆர். ரஹ்மான், இறந்துபோன பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் மீட்டார். குடும்பத்தினரின் சம்மதம் பெற்றதையும் பணம் கொடுத்ததையும் வெளிப்படையாகச் சொன்னார். சொன்னபடியால் நாம் தெரிந்தே கேட்டோம்.

அதற்குச் சற்று முன், 2023 நவம்பர் 27 அன்று, பிரபாகரனின் மகள் துவாரகா எனத் தன்னை அறிமுகப்படுத்திய ஒரு பெண் ஒளிப்பதிவில் உரையாற்றினார். 2009 மே மாதத்திற்குப் பின் பதினான்கு வருடங்கள் கழிந்திருந்தன. இயந்திரம் செய்த முகமா, வேடமிட்ட மனுசியா என்று பலர் வாதிட்டனர். இல்லை, அவரேதான் என்று சிலர் நின்றனர். அந்த இரவில் முகத்தின் அசைவையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் ஆராய்ந்த எமக்கு, ஒரு கேள்வியைக் கேட்கப் பயமாயிருந்தது: உண்மையாயிருக்க வேண்டுமென்று எம்முள் ஏதோ விரும்பியதா? பிள்ளையைத் தேடிச் சந்தியில் படத்தோடு நிற்கும் வன்னித் தாய்மாரிடம் இதே கருவி போனால் என்னாகும்? ஒப்ளிவியனின் மகளுக்குத் தகப்பன் இறந்தது தெரியும். அவர்களுக்கோ அந்த நிச்சயம்கூட இல்லை.

மோர்னிங்சைட்டின் அந்தச் சாம்பல் கட்டடம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அந்த வளாகத்தில் தமிழ்க் கற்கைகளுக்கான இருக்கைக்காக எம்மவர் திரட்டிய நிதி 2021 இல் முப்பது இலட்சம் டொலர் இலக்கை எட்டியது. பேச்சு அறுக்கப்பட்டவர்கள் நடமாடிய தாழ்வாரங்களில் இனி எங்கள் பேச்சு ஆராயப்படும். ஆனால் எங்கள் வீட்டு அலுமாரிகளிலோ கசற்றுகள் பூஞ்சணம் பிடிக்கின்றன. எடுத்தவர் பெயர், ஊர், திகதி, அதில் நிற்பவர்கள் யார் யார் என்பதை ஒரு கடதாசியில் எழுதி உறையோடு ஒட்டிவைக்க வேண்டும். சொல்லக்கூடிய பெரியம்மாமார் சிலர் இன்னும் இருக்கிறார்கள்.